காலமும் மணவுறுதியும்

மணம் புரிந்து இல்லறத்தில் நிற்பார் பிரிந்து போதற்குரிய இடர் எல்லா ஆண்டுகளிலும் ஒரே அளவினதாய் நிற்பதன்று. முதலாண்டில் அது மிகச் சிறிதாயிருந்து, பின்னர் விரைந்து உயர்ந்து, சில ஆண்டுகள் உச்சியில் நின்று, அதன்பின் மெல்ல மெல்லத் தணிகின்றது. மேனாட்டார் பல்லாண்டுகளாகத் தொகுத்துவரும் கணக்குகளால் இஃது ஐயமறப் புலனாகின்றது. இத்தணிவைக் கண்டார் பலரும், காலம் செல்லச் செல்லக் கணவன் மனைவியரின் பிணிப்பு இறுகுகின்றது என்று உடனே முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவு அக்கணக்கினின்றும் பெறப்படுவதுதானா என்பதே ஈண்டு ஆராயப் புகுந்தது.

இவ்வாராய்ச்சி வெறும் எண்ணூற் பயிற்சியன்று. மடாலயங்களை அடுத்தும், ஊர்ப்பெரியோரை அடுத்தும், இல்லறத்தில் இடருற்றார் அறிவுரை கேட்டு வருதல் நெடுங்கால வழக்கு. வருவார்க்குப் பெரும்பாலும் சொல்லப்படும் விடை, "இன்னும் நாலைந்து ஆண்டு பொறுத்திரும், யாவும் தாமே சரியாய்விடும்" என்பதாம். அவ்விடைக்குப் பின்னே நிற்பது மேற்கூறிய முடிவே. முடிவு பிழையாயின் அறிவுரையும் பிழைபடும். அப்பிழையாற் றுன்புறுவார் கேட்டவரேயன்றிக் கூறியவரல்லர். ஆகலின் அம்முடிவின் வலிமையைச் சோதித்தல் அறிவுரை கூறுவார்க்குக் கடனாகின்றது.

ஆராய்ச்சிக்கு நிலைக்களனாக இங்கிலாந்து, வேல்ஸ் என்னும் நாடுகளின் கணக்கை எடுத்துக்கொள்வாம். அந்நாட்டில் 1857-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை முழு மணவிலக்குப் பெறவேண்டுவோர் தமக்கெனத் தனிச்சட்டம் ஒன்றைப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றுவித்தல் வேண்டும். பெருஞ்செல்வர்க்கன்றி ஏனையோர்க்கு அஃது இயலாத காரியம். 1857-க்குப்பின் நீதிமன்றமே மணத்தை நீக்கலாயிற்று. 1969-இல் இயற்றப்பட்டு 1971-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், மணம் மீட்டற்கரிய வகையில் முறிந்தமையே மணவிலக்கிற்கு அடிப்படை என்று வகுத்தது. அதன்பின் மணவிலக்குப் பெருகிற்று, கணக்கும் பெருகிற்று.

அந்நாட்டு அரசாங்கப் புள்ளிவிவர அலுவலகத்தார் 2010-ஆம் ஆண்டின் முறிவு விகிதங்களை அடிப்படையாகக் கொண்டு ஒரு மதிப்பீடு செய்தனர். அதன்படி, அவ்விகிதங்களே தொடர்ந்து நிற்குமாயின், நூறு மணங்களில் ஏறத்தாழ 42 மணவிலக்கில் முடியும். அவற்றுள் ஏறக்குறையப் பாதி முதற் பத்தாண்டிற்குள்ளேயே நிகழும். ஆண்டுதோறும் நிற்கும் இடரோ நான்காம் ஆண்டு நிறைவுக்கும் எட்டாம் ஆண்டு நிறைவுக்கும் இடையில் உச்சி அடைந்து, ஓராண்டிற்கு நூற்றுக்கு 3 அளவில் நிற்கும். பின்னர்ப் படிப்படியாக இறங்கி, 26-ஆம் ஆண்டு நிறைவுக்குப் பின் நூற்றுக்கு 1-க்கும் கீழ்ப்படும். இறப்பையும் சேர்த்து எண்ணிய வழி, அறுபதாம் ஆண்டு நிறைவைக் காண்பன நூற்றுக்கு 16 மணங்களே.

ஈண்டு ஒன்று தெளிதல் வேண்டும். 'முறிவிடர்' என்று யாம் கூறுவது, இத்தனை ஆண்டு முறியாது நின்ற மணங்களுள் எத்தனை அடுத்த ஓராண்டிற்குள் முறியும் என்பதனை. முறிந்தனவற்றின் மொத்தத் தொகை வேறு. நின்றனவற்றுள் முறிவனவற்றின் விகிதம் வேறு. இரண்டனையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவார் மிகப் பலர். 'ஏழாமாண்டுத் தினவு' என்றொரு வழக்கு மேனாட்டில் உண்டு. 1952-இல் ஜார்ஜ் ஆக்செல்ராட் எழுதிய நாடகத்திற்கும் 1955-இல் வந்த திரைப்படத்திற்கும் அதுவே பெயராயிற்று. ஏழென்னும் எண்ணிற்குத் தனி மந்திரம் ஒன்றுண்டெனக் கருதற்க. உச்சி என்பது ஒரு முனையன்று, அகன்ற மேட்டுநிலம். அதன் இடமும் நாட்டுக்கு நாடு, சட்டத்திற்குச் சட்டம் வேறுபடும்.

சட்டத்திற்குச் சட்டம் என்றது யாங்ஙனமெனின், கணக்கிற் பதிவாவது நீதிமன்றத் தீர்ப்பேயன்றி உள்ளத்து முறிவன்று. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் மணம் நிகழ்ந்து மூன்றாண்டு கழியுமுன் மணவிலக்கு வேண்டுதலை, அரிய நிலைமைகளிலன்றி, விலக்கிற்று. 1984-இல் அத்தடை ஓராண்டாகக் குறைக்கப்பட்டது. 1971 முதல் 2022 வரை, குற்றம் எதனையும் சாட்டாது பிரிய விரும்புவோர், இருவர்க்கும் உடன்பாடாயின் இரண்டாண்டும், ஒருவர் உடன்படாராயின் ஐந்தாண்டும் பிரிந்து வாழ்ந்து காட்டவேண்டியிருந்தது. எனவே இரண்டாம் ஆண்டில் உள்ளத்தே முறிந்ததொரு மணம், நான்காம் ஆண்டிலோ ஏழாம் ஆண்டிலோ ஏட்டில் முறியும். முதலாண்டின் இடர் சிறிதாயிருத்தற்கு மணமக்களின் அன்பு மிகுதியே காரணமென்பார் நீதிமன்றக் கதவு அவ்வாண்டில் அடைபட்டிருந்தமையை மறந்தவராவர். உயர்வுப் பகுதியைப் பற்றி இம்மட்டிற் கூறி அமைவாம். நம் வினா தணிவைப் பற்றியது.

தணிவிற்குக் காலத்தால் வரும் இறுக்கமே காரணம் என்பார் கூறுவன வருமாறு. மணந்தார் இருவரும் முதலிற் புதியர். ஒருவர் இயல்பை ஒருவர் அறியார். ஆண்டுகள் செல்ல அறிவு வளரும்; அறிவு வளரப் பொறுமை வளரும். மக்கட்பேறு, மனை, பொருள், உற்றார் தொடர்பு, ஒருங்கு நுகர்ந்த இன்பதுன்பம் என்றிவை ஒவ்வொன்றும் ஒரு புரியாய்ச் சேர்ந்து கயிறு தடிக்கும். இக்கருத்து வெறும் பாட்டிமார் கூற்றன்று. பொருளியலறிஞராகிய கேரி பெக்கர், தம்முடன் இருவர் சேர 1977-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அம்மணத்திற்கே உரித்தாய், அம்மணம் நீங்கின் மதிப்பிழப்பதாய் உள்ளதொரு முதல் ஆண்டுதோறும் திரண்டு வருதலின் பிரிதலின் நட்டமும் ஆண்டுதோறும் பெருகும் என்று வாதித்தார். பிள்ளைகளைப் 'முதல்' என்று கணக்கிடும் அவர்தம் மொழி நம் செவிக்குக் கடியதேயாயினும் கருத்துத் தள்ளற்பாலதன்று.

அற்றேல், தணிவிற்கு வேறு காரணமும் உண்டோவெனின், உண்டு. குயவன் சூளையினின்றும் ஆயிரம் பானைகளை எடுக்கின்றான். சிலவற்றில் கண்ணுக்குப் புலனாகாத கீறல் உண்டு. யாவும் விற்பனையாகி நீர் சுமக்கத் தொடங்குகின்றன. முதல் மாதத்தில் உடைவன பல. அவை பெரும்பாலும் கீறலுற்றவை. ஆறாம் மாதத்தில் உடைவன சில. அடுத்த ஆண்டில் உடைவன மிகச் சில. இதனைக் கண்ட ஒருவன், 'பானை பழகப் பழக உறுதி பெறுகின்றது' என்பானாயின் நகுதும். ஒரு பானையும் உறுதி பெற்றிலது. கீறலுற்றவை முன்னே கழிந்தமையின், எஞ்சிய கூட்டம் உறுதியுடையவற்றின் கூட்டமாயிற்று. மாறியது பானையன்று, கூட்டம்.

இதனை எண்ணால் விளக்குவாம். இவ்வெண்கள் விளக்கத்திற்காக யாம் கற்பித்தனவேயன்றி எந்நாட்டுக் கணக்குமல்ல. ஆயிரம் மணங்களுள் 200 நொய்யன, 800 திண்ணியன என்க. நொய்யனவற்றுள் ஆண்டுதோறும் நூற்றுக்கு 20-உம், திண்ணியனவற்றுள் நூற்றுக்கு 1-உம் முறியும் என்க. இவ்விகிதங்கள் என்றும் மாறா. எந்த ஒரு மணமும் இறுகுதலும் இல்லை, தளர்தலும் இல்லை. முதலாண்டில் முறிவன நாற்பதும் எட்டும், ஆக 48. ஆயிரத்திற்கு 48 என்பது நூற்றுக்கு 4.8. ஐந்தாம் ஆண்டிலோ, எஞ்சியனவற்றுள் முறிவன நூற்றுக்கு ஏறத்தாழ 2.8. பத்தாண்டு கழிந்தபின் நொய்யன இருநூற்றுள் நிற்பன இருபத்தொன்றோ இருபத்திரண்டோ. திண்ணியன 723 அளவில் நிற்கும். அடுத்த ஆண்டின் முறிவிடர் நூற்றுக்கு 1.5 அளவினதாகும். பத்தாண்டில் இடர் மூன்றிலொரு பங்காய்க் குறைந்துவிட்டது. ஆயினும் ஒரு மணத்தின் உறுதியேனும் எள்ளளவும் மிகுந்ததில்லை. மக்கட்டொகை ஆராய்ச்சியில் வல்லுநராகிய ஜேம்ஸ் வாபெல், அனட்டோலி யாஷின் என்னும் இருவரும் 1985-இல் எழுதிய கட்டுரையில் இத்தகைய மயக்கங்களை வகை வகையாக எடுத்துக்காட்டினர். தனியொன்றின் போக்கும் கூட்டத்தின் போக்கும் ஒன்றற்கொன்று முற்றிலும் மாறாயும் இருத்தல் கூடும் என்பது அவர்தம் ஆராய்ச்சியின் சாரம்.

அளவை நூல் பயின்றார்க்கு இதன் இலக்கணம் புதியதன்று. 'இம்மணங்கள் காலத்தால் இறுகின' என்பது பக்கம். 'முறிவிடர் தணிந்தமையின்' என்பது ஏது. நட்ட ஆலங்கன்று முதற்கோடையில் பட்டுப்போதற்கு அஞ்சுதும். வேர் ஆழ்ந்தபின் அஞ்சேம். ஆண்டு இடர் தணிதலும் உண்டு, பொருள் உறுதிப்படுதலும் உண்டு, அது சபக்கம். சூளைப்பானைகளிடத்து இடர் தணிதல் உண்டு, உறுதிப்படுதல் இல்லை, அது விபக்கம். ஏது இருவழியும் சேறலின் அனைகாந்திகம் என்னும் போலியாயிற்று. தணிவு ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு இறுக்கத்தைச் சாதித்தல் யார்க்கும் ஒல்லாது.

'இரண்டும் காரணமாகலாமே' என்பார்க்கு, ஆகலாம் என்றே விடை கூறுவாம். பெக்கர் முதலியோரும், தொடக்கத்து முறிவுகளுக்கு மணக்குமுன் ஒருவரை ஒருவர் அறியாமையால் நேர்ந்த பிழைத் தேர்வே பெருங்காரணம் என்று கூறி இரண்டனையும் உடன் வைத்தனர். எது எத்துணைப் பங்கு என்பதே முட்டுப்பாடு. அதனைக் கூட்டத்தின் கணக்கால் அறிதல் அரிது. ஒரே தம்பதியரைப் பல்லாண்டு பின்தொடர்ந்து காண்டல் வேண்டும். அங்ஙனம் கண்ட ஆராய்ச்சி ஒன்று அமெரிக்க நாட்டிற் செய்யப்பட்டது. 1980 முதல் 1997 வரை, பதினேழாண்டில் ஐந்து முறை, அதே மணமக்களை வினாவி வந்தனர். அவ்விடைகளைக் கொண்டு வான்லானிங்ஹாம், ஜான்சன், அமேட்டோ என்னும் மூவரும் 2001-இல் வெளியிட்ட முடிவு பெரிதும் சிந்திக்கற்பாலது. அதற்குமுன் எழுதியோர் பலர், மணவாழ்வின் மகிழ்ச்சி தொடக்கத்தில் உயர்ந்து, இடையில் தாழ்ந்து, முதுமையில் மீண்டும் உயரும் என்றனர். அவர் கண்டது வெவ்வேறு வயதினரை ஒரே காலத்தில் நிறுத்தி ஒப்பிட்டதனால் வந்த காட்சி. அதே மணமக்களைப் பின்தொடர்ந்து கண்ட வழி, மகிழ்ச்சி சராசரியாகத் தொடர்ந்து தாழ்ந்தே வந்தது. இறுதியில் உயரும் என்று கருதப்பட்ட ஏற்றம் காணப்பட்டிலது.

இது நம் வினாவிற்கு நேரே பாய்கின்றது. ஒருபுறம் முறிவிடர் ஆண்டுதோறும் தணிகின்றது. மறுபுறம், முறியாது நிற்பார்தம் மகிழ்ச்சியும் சராசரியில் தணிகின்றது. எனவே 'உறுதி' என்னும் சொல்லில் இருபொருள் மயங்கிக் கிடத்தல் வெளிப்படை. கட்டு அவிழாதிருத்தல் ஒன்று. கட்டுண்டார் ஒருவர்க்கொருவர் நன்மையாயிருத்தல் மற்றொன்று. முன்னது எண்ணப்படும், பின்னது எண்ணில் அகப்படாது. எண்ணப்படுவதன் தணிவைக் காட்டி எண்ணப்படாததன் வளர்ச்சியை உறுதி கூறுதல், நெல்லின் அளவைக் கொண்டு சோற்றின் சுவையைக் கூறியதனோடு ஒக்கும். சராசரி என்பதும் ஒருவர்க்கும் விதியன்று. மகிழ்ச்சி பெருகிய இல்லங்கள் அப்பதினேழாண்டிலும் இல்லாமற் போகவில்லை.

கட்டு அவிழாமைக்குக் காரணம் அன்பாகவும் இருக்கலாம், வேறு போக்கின்மையாகவும் இருக்கலாம். இங்கிலாந்தின் வரலாறே இதற்குச் சான்று. 1857-ஆம் ஆண்டுச் சட்டம், மனைவியின் பிறன்வழிச் சேறல் ஒன்றே கணவன் விலக்குப் பெறப் போதும் என்றது. மனைவிக்கோ அது போதாதென்றும், கொடுமையோ கைவிடுதலோ பிற பெருங்குற்றமோ உடன் காட்டல் வேண்டுமென்றும் விதித்தது. 1923-இல்தான் அவ்வேற்றுமை நீங்கிற்று. மணந்த பெண்ணுக்குத் தன் பொருளின்மேல் உரிமை 1870-இலும் 1882-இலும் இயற்றப்பட்ட சட்டங்களால் வந்தது. அதற்குமுன் அவள் ஈட்டியதும் கணவனதே. அக்காலத்து மணங்கள் முறியாமையைக் காட்டி அக்காலத்து அன்பின் பெருமை பேசுவார் உளர். பூட்டிய வீட்டினின்றும் ஒருவரும் வெளிப்போகாமை கண்டு, வீட்டினுள்ளார் யாவரும் இன்புற்றிருந்தனர் என்பதும் ஒரு வாதமாமோ? அந்நாளில் மணங்களை முறித்த பெருங்காரணம் இறப்பு. இக்காலத்து மணவிலக்கு முற்காலத்து இறப்பின் இடத்தில் வந்து நிற்கின்றது என வரலாற்றறிஞர் லாரன்ஸ் ஸ்டோன் எழுதியது சிலர்க்கு வெறுப்பாயிருந்தது. மண நீட்சியைப் பற்றிய அளவில் அதில் உண்மை உண்டு.

இனி, காலம் என்பது தானே செயல்புரியும் பொருளாமோ என்று நோக்குதல் வேண்டும். குடம் ஒன்று தோன்றுதற்கு மண் முதற்காரணம், தண்ட சக்கரங்கள் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பது யாவரும் அறிந்தது. காலம் துணையினத்தது, அறிவில்லாதது, தனித்து நின்று ஒன்றையும் ஆக்காது. பத்தாண்டு சென்றமையால் பிணிப்பு இறுகிற்று என்பது, சக்கரம் சுழன்றமையால் குடமாயிற்று என்பது போலும். சக்கரம் சுழன்று கொண்டேயிருக்கக் குயவன் கைவாங்கி நிற்பானாயின் மண் மண்ணாகவே சுழலும். சிலபோது சிதறியும் போம். பத்தாண்டு என்னும் அச்சக்கரத்தின்மேல் இருவரும் என்ன செய்தனர் என்பதே ஆராயற்பாலது. சினந்தபின் யார் முன்வந்து பேசினர். நோயுற்றபோது யார் அருகிருந்தனர். வருவாய் யார் கையில் நின்றது. ஒருவர் சொல்லை மற்றவர் பிறர்முன் இகழ்ந்தனரா என்றிவை. இவை நிகழ்ந்த பத்தாண்டும் நிகழாத பத்தாண்டும் கணக்கேட்டில் ஒரே எண்ணால் எழுதப்படும்.

இன்னும் ஒன்று. 2010-ஆம் ஆண்டின் அம்மதிப்பீடு காட்டும் வளைவில் எந்த ஒரு தம்பதியும் வாழ்ந்ததில்லை. அவ்வாண்டில் ஐந்தாம் ஆண்டு மணத்தில் நின்றார் 2005-இல் மணந்தவர். நாற்பதாம் ஆண்டில் நின்றார் 1970-இல் மணந்தவர். முன்னவரின் இடரையும் பின்னவரின் இடரையும் ஒரே நூலிற் கோத்து ஒரு வாழ்க்கை போலக் காட்டுவது கணக்கர் முறை. அம்முறையில் தவறில்லை; அதனை ஒரு வாழ்க்கையின் வரலாறெனப் படிப்பதே தவறு. தலைமுறை மாறின் வளைவும் மாறும். அமெரிக்க நாட்டில் சூசன் பிரௌன், ஐ-ஃபென் லின் என்னும் இருவர் 2012-இல் காட்டியபடி, ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனாரிடை மணவிலக்கு விகிதம் 1990-க்கும் 2010-க்கும் இடையில் இருமடங்காயிற்று. 1990-இல் மணவிலக்குற்றாருள் பத்தில் ஒருவர்க்கும் குறைவாயிருந்த அவ்வயதினர், 2010-இல் நால்வரில் ஒருவராயினர். பல்லாண்டு நின்றமையே காப்பென்று நம்பியிருந்தார்க்கு இஃதோர் அதிர்ச்சியே. அவருட் பலர் இரண்டாம் மணத்தினர் என்பதும், மக்கள் வளர்ந்து வெளியேறியபின் வீட்டில் இருவரும் ஒருவரை ஒருவர் புதிதாகக் காணநேர்ந்தது என்பதும் சிலவிடத்துக் காரணமாகலாம்.

இதற்கு மறுதலையாக இங்கிலாந்தில் 2000-க்குப்பின் மணந்தாரிடை, முதற் பத்தாண்டிற்குள் முறிவு 1990-களில் மணந்தாரினும் குறைவாகவே காணப்படுகின்றது. இளையர் ஒழுக்கம் திருந்திவிட்டது என்று மகிழ்வாரும் உளர். ஆயின் அந்நாட்டில் இன்று மணக்குமுன்னரே ஒருங்கு வாழ்வார் மிகப் பலர். மணம் புரியாதே பிரிந்து போவாரும் பலர். சூளைப்பானைகளைக் கடைக்கு அனுப்புமுன் தட்டிப் பார்த்துக் கழித்துவிட்டால், கடையிற் கொண்டன உடைதல் குறையும். மண் நன்றாயிற்றென்று கூறுதல் இயலாது. ஒருங்கு வாழ்தலின் நன்மை தீமை வேறு வினா. அதனை ஈண்டு எடுத்துக்கொண்டிலேம். கழிவு எங்கே நிகழ்கின்றது என்பதை அறியாது கணக்கைப் படித்தலாகாது என்பதற்கே இதனைக் காட்டினாம்.

இனி அறிவுரைக்கு வருவாம். கணவனால் அடியுண்டு வந்த ஒருத்தி, மணமாகி ஐந்தாண்டாயிற்று என்கின்றாள். 'எட்டாம் ஆண்டு கழியின் இடர் தணியும் என்று கணக்கே கூறுகின்றது' என்று அவளை மீள அனுப்புவார் இருதிறத்தானும் பிழைத்தவராவர். அக்கணக்கு முறிவின் கணக்கு, அடியின் கணக்கன்று. அவள்போல்வார் பலர் ஐந்தாம் ஆண்டிலும் ஆறாம் ஆண்டிலும் வெளியேறியமையாலேயே எட்டாம் ஆண்டிற்குப்பின் எஞ்சிய கூட்டம் அமைதியாய்த் தோன்றுகின்றது. வெளியேறினாரால் வந்த அமைதியைக் காட்டி, வெளியேறாதே என்று கூறுதல் முறையோ? அவள் உயிர்க்கும் உடலுக்கும் ஏமம் தேடுதலே முதற்செயல். ஆண்டெண்ணுதல் பின்னரும் ஆகாது.

வேறொரு தம்பதியர் நான்காம் ஆண்டில் வருகின்றனர். கொடுமை இல்லை, வஞ்சம் இல்லை, சலிப்பு உண்டு. 'முறிவோர் கணக்கில் உச்சி இதுவே. யாமும் நொய்யன வகையினமே போலும்' என்று கணக்கைக் காட்டி அவர் பிரிய நினைப்பாராயின், அவரும் பானை உவமையைப் பிழைபடக் கொண்டவராவர். இவ்விடத்து அவ்வுவமையின் எல்லையைக் கூறாதொழியின் எம் வாதமே தீங்கு விளைக்கும். பானை தன் கீறலை அறியாது; அறிந்தாலும் அடைக்கமாட்டாது. மக்கள் அறிவர், அடைக்கவும் வல்லர், இல்லாத கீறலை உண்டாக்கவும் வல்லர். நொய்யன, திண்ணியன என்று யாம் வகுத்தது எண்ணின் எளிமை நோக்கியேயன்றி, பிறப்பிலேயே மணங்கள் இருவகையாக முத்திரை பெற்று வருகின்றன என்பதற்கன்று. நான்காம் ஆண்டில் நொய்தாயிருந்தது ஆறாம் ஆண்டில் திண்ணிதாதலும் உண்டு. பால் அமேட்டோவும் மற்றொருவரும் 2007-இல் எழுதியதில், மணவிலக்குற்றாருள் ஏறத்தாழப் பாதியினர் அதற்கு முன்னர்ப் பெரும்பூசல் ஏதுமின்றி ஓரளவு மகிழ்ச்சியோடு வாழ்ந்தவரே என்று காட்டினர். அன்னார் முறிவு சூளைக்கீறலால் வந்ததென்பது பொருந்தாது.

ஆகவே, பெரியோர் இருதிறத்தாரிடத்தும் கணக்கை மறைத்தல் வேண்டா. கணக்கு எதனை எண்ணிற்று என்பதைக் கூறுதல் வேண்டும். கூறியபின், 'எத்தனை ஆண்டாயிற்று' என்று வினவுதலை விடுத்து, அவ்வாண்டுகளில் நிகழ்ந்தவற்றைக் கேட்டல் வேண்டும். அதுவும் இருவரையும் தனித்தனியே கேட்டல் வேண்டும். ஒருவர் முன்னிலையில் மற்றவர் கூறுவது பலகாலும் அச்சத்தின் மொழியாயிருக்கும். இது நேரம் கொள்ளும் செயல். 'பொறுத்திரும்' என்பது ஒரே சொல். எளிதென்பதனாலேயே அச்சொல் இத்துணை வழங்குகின்றது என யாம் ஐயுறுகின்றோம்.

இங்கிலாந்தில் 2020-இல் இயற்றப்பட்ட புதுச்சட்டம் 2022 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் உள்ளது. குற்றம் சாட்டுதலும் ஆண்டுக்கணக்காய்ப் பிரிந்து வாழ்தலும் அதன்படி வேண்டா. மணமாகி ஓராண்டு கழிந்தபின், மணம் முறிந்தது என்னும் கூற்று ஒன்றே போதும். வேண்டுகோள் தொடங்கிய நாள் முதல் இருபது வாரமும், இடைத்தீர்ப்பிற்குப்பின் ஆறு வாரமும் கழிதல் வேண்டும் என்று மட்டும் விதித்தனர். மணத்தை மீட்க இயலுமோ என்று எண்ணிப் பார்த்தற்கும், மீட்டல் இயலாதாயின் மக்களையும் பொருளையும் பற்றி ஒரு முடிவுக்கு வருதற்கும் அவ்விருபது வாரம் என்பது சட்டமியற்றினார் கருத்து. எண்ணுதற்குரிய காலத்தைச் சட்டம் அளந்து கொடுத்தது. அக்காலத்துள் அவ்விருவரும் ஒருவரோடொருவர் ஒரு சொல்லேனும் பேசவேண்டும் என்று அது விதித்திலது.